கை முந்துகிறவள்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவள் ஒருவனின் புருவத்தைக் கிழித்தாள். தாம்பரம் போகும் மின்ரயிலில், பெண்கள் பெட்டியில், குரோம்பேட்டையில் ஏறிய ஒரு ஆள் கூட்டத்தைச் சாக்காக வைத்து என் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றான். நான் நகர்ந்தால் அவனும் நகர்ந்தான். அவள் எனக்கு எதிரே நின்றிருந்தாள். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி என்பதைத் தவிர அவளைப் பற்றி அப்போது எனக்கு எதுவும் தெரியாது. பையிலிருந்து எவர்சில்வர் டிபன் டப்பாவை எடுத்தாள். அடித்த சத்தம் பெட்டி முழுக்கக் கேட்டது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தபோது இன்னொரு அடி, இந்த முறை மண்டையில். அடுத்த நிலையமான சானடோரியத்தில் ரயில் நிற்பதற்குள் குதித்து ஓடினான். அவள் டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"சாம்பார் கொட்டல," என்றாள்.

அலுவலகத்துக்கு வந்து சட்டைக் கையிலிருந்த ரத்தத்தைக் கழுவிவிட்டுக் கணினியைத் திறந்தாள். அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அன்றிலிருந்து நாங்கள் 'வாடி, போடி' என்று பேசிக்கொண்டோம். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவள் கணவர் கூடுவாஞ்சேரியில் இருக்கிறார், படிக்கிற பழக்கம் உள்ளவர்.

எங்கள் அலுவலகம் தாம்பரத்தில் ஜிஎஸ்டி சாலையோரம், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஆய்வு செய்பவர்கள் சேகரிக்கும் புள்ளிவிவர ஃபைல்களை ஒரு கணினி முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். ஒரு இடத்தில் எழுதியதை இன்னொரு இடம் அப்படியே படித்துவிடாது. பழைய முறை ஒன்று கேள்வியின் பெயரில் முதல் எட்டு எழுத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடும்; ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு கேள்விகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஒன்று காணாமல் போகும். தேதியை ஒன்று ஒரு நாளிலிருந்து எண்ணும், மற்றது வேறொரு நாளிலிருந்து எண்ணும். கவனிக்காமல் விட்டால் நோயாளிகள் பிறப்பதற்கு முன்பே இறந்திருப்பார்கள். அவள் மாற்றுவாள். நான் இரண்டு பக்கத்தையும் வைத்துச் சரிபார்ப்பேன்.

மாற்றும்போது அவள் கணினியோடு பேசுவாள். "ஒழுங்கா வர்றியா, இல்ல நான் உள்ள வரட்டா?" என்பாள். பாதியில் நின்றுவிட்டால் அடிப்பாள். மவுஸ்கள் சுவரில் பட்டுச் சிதறியிருக்கின்றன. ஒரு தடவை தடுப்பூசி விவரம் முழுவதும் ஒரு வரி தள்ளிப் போய், ஒரு குழந்தையின் ஊசி பக்கத்துக் குழந்தையின் பெயரில் ஏறிவிட்டது. எங்கள் இரும்பு பீரோவின் கதவில் அவள் முஷ்டியின் பள்ளம் அப்போது விழுந்ததுதான். அடித்துவிட்டு உட்கார்ந்து, எங்கே தள்ளியது என்று கண்டுபிடித்து, மத்தியானத்துக்குள் சரிசெய்தாள். தவறான பதிலை அவளால் ஒரு நிமிஷம் கூட சகிக்க முடியாது. அதற்கு வேறொருவர் பொறுப்பு என்றால் அந்த வேறொருவர் தள்ளி நிற்பது நல்லது.

கட்டட உரிமையாளரின் மச்சினன் ஒருவன் மாடிப்படியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பான். நாங்கள் ஏறும்போது வழிவிட மாட்டான். ஒருநாள் என் துப்பட்டாவின் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, "பாத்துப் போம்மா," என்றான். அவள் எனக்கு மேல்படியில் இருந்தாள். திரும்பினாள், இறங்கினாள், அவன் நெஞ்சில் காலை வைத்துத் தள்ளினாள். அவன் கீழ்வரைக்கும் உருண்டான். காறை எலும்பு முறிந்தது. உரிமையாளர் கத்திக்கொண்டு மேலே வந்தார்.

"எந்த ஊரும்மா நீ? யார் வூட்டுப் பொண்ணு?"

அவள் பொழிச்சலூர் என்றாள், அப்பா பெயரைச் சொன்னாள். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்ற குடும்பம் அது. எல்லைக்கல் தகராறில் அவள் அண்ணன்கள் ஒருவனின் முழங்கையைக் கல்லில் வைத்து உடைத்தது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் சிரித்தோம். அடுத்த அடி யாருக்கு என்று பேசிக்கொள்வோம். அவளோடு நடக்கும்போது தெருவே எனக்கு அகலமாகத் தெரிந்தது. அவள் மோசமானவள் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் பழவந்தாங்கல் வரைக்கும் வந்து என் அம்மாவோடு உட்கார்ந்திருப்பாள். சாப்பாட்டில் பாதி எனக்குத்தான். சமைப்பது அவள் கணவர்; பொழிச்சலூரிலேயே இருவரும் தனியாகக் குடியிருந்தார்கள். அவருக்கு விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் ஷிஃப்ட் வேலை. மறந்துவிட்ட டப்பாவைக் கொடுக்க எப்போதாவது வருவார். மெலிந்த மனிதர். உள்ளே வராமல் கதவருகே நின்று, முதலில் அவள் முகத்தைப் பார்ப்பார். பிறகுதான் எங்களைப் பார்த்துச் சிரிப்பார். கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம், எங்கள் தலைக்கு மேல் விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. அவள் வாய்க்குக் கொண்டுபோன சோற்றை அப்படியே வைத்திருந்து, சத்தம் போன பிறகு சாப்பிட்டாள்.

"எங்க வூட்டுக்கு மேலதான் எல்லா பிளேனும் எறங்கும்," என்றாள். "எங்கப்பன் அதுக்காகக் காத்துகினு இருப்பான். பிளேன் வரப்பதான் எங்கம்மாவ அடிப்பான். சத்தம் வெளிய கேக்காது பாரு."

"நீ எங்க இருப்ப?"

"அங்கதான். எங்க போறது?" என்று மோருக்குக் கையை நீட்டினாள்.

அதற்கடுத்த வருடம் அந்தக் கணக்கெடுப்பு எங்களிடம் வந்தது. பல மாவட்டங்களில் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கேட்டிருந்தார்கள். கணவர் உங்களைத் தள்ளியிருக்கிறாரா. அறைந்திருக்கிறாரா. உதைத்திருக்கிறாரா. கழுத்தை நெரித்திருக்கிறாரா. சூடு வைத்திருக்கிறாரா. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, சொல்ல மறுத்தார் என்று மூன்று பதில்கள். சில வீடுகளின் பதில்களுக்குக் கீழே ஒரு குறிப்பும் இருந்தது: பேசும்போது கணவர் வாசலில் நின்றார். இதைச் சிறுசேரியில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணினிக்கு மாற்ற வேண்டும். பெண்களுக்கான உதவி மையங்களை எந்த ஊர்களில் திறப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள் என்று சொன்னார்கள்.

அனுப்பிய முறையில் 'சொல்ல மறுத்தார்' என்பதற்குத் தனி அடையாளம் இருந்தது. வாங்கும் முறைக்கு அந்த அடையாளம் தெரியாது. அதைக் கண்ட இடத்திலெல்லாம் காலிக் கட்டமாக ஆக்கிவிட்டது. அன்று அவள் விடுப்பு. சிறுசேரி அதிகாரி போன் செய்தபோது எடுத்தவன் கோபி, எங்களோடு வேலை செய்த அமைதியான பையன், கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காலியாக இருந்தால் தங்கள் ப்ரோக்ராம் எடுக்காது, எல்லாவற்றையும் 'இல்லை' என்று போட்டு உடனே அனுப்பு என்றார் அதிகாரி. கோபி போட்டு அனுப்பிவிட்டான்.

மறுநாள் சரிபார்த்தபோது 'இல்லை' மட்டும் ஏகத்துக்கு ஏறியிருந்தது. அவளிடம் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.

"யாரு போட்டது?"

கோபி தானே எழுந்தான். "சிறுசேரியில சொன்னாங்கக்கா. காலியாதானே இருந்துச்சு."

அவன் பின்தலை முடியைப் பிடித்து முகத்தை மானிட்டரில் மோதினாள். திரை வெடித்தது. மறுபடி மேசை விளிம்பில். "அந்தப் பொம்பள வாயத் தொறக்கலடா. புருஷன் வாசல்ல நின்னுகினு கீறான், எப்படிடா தொறப்பா? அதுக்கு நீ 'அடிக்கல'ன்னு எழுதுவியா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மோதல். நாங்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்தும் அவள் விரல்கள் பிரியவில்லை. பிரிந்தபோது அவன் முடி கொத்தாக அவள் கையில் இருந்தது. கோபி தரையில் உட்கார்ந்து உதட்டைத் தடவித் தடவிப் பார்த்தான். அவன் முன்பல் கீபோர்டின் மேல் கிடந்தது.

அன்று யாரும் சிரிக்கவில்லை. ரயிலிலும் மாடிப்படியிலும் நான் பார்த்த அதே கைதான். நான் அவளுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தது அதுதான் முதல் முறை.

அடுத்த நாள் கோபி வாயில் பஞ்சோடு அண்ணனை அழைத்துக்கொண்டு வந்தான். போலீசுக்குப் போவதாக அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கணவர் வந்தார். எங்கள் முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார் போல. வந்தவரின் காதை மூடி ஒரு பிளாஸ்திரி இருந்தது. நேரே கோபியிடம் போய்க் கைகூப்பினார்.

"கேஸ் வேணாம் தம்பி. ஆஸ்பத்திரிச் செலவு எதுன்னாலும் நான் பாத்துக்கறேன். அவ கெட்டவ இல்ல. கை வந்துடும், அவ்ளோதான். அப்புறம் அவளே அழுவா."

கூப்பியதில் சட்டைக் கை முழங்கைப் பக்கம் நழுவியது. முன்கையில் நேர்கோடாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, பழைய சூட்டுத் தழும்புகள். தோசைத் திருப்பியின் அகலம். சமைக்கிறவர் கையில் சூடு படுவது சகஜம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

அந்த நேரம் அவள் தண்ணீர் பாட்டிலோடு உள்ளே வந்தாள். பாட்டிலைப் பீரோ மேல் வைக்கக் கையை உயர்த்தினாள். அவர் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு தோளைக் குறுக்கிச் சுவரோரம் ஒடுங்கினார்.

அலுவலகம் முழுவதும் பார்த்தது. அவளும் பார்த்தாள். பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

கோபிக்குப் பேச்சு சரியாக வரவில்லை. "சார், என் பல்லு போகட்டும். உங்க காதுக்கு என்ன ஆச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் தம்பி."

கோபி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "வாண்ணா, போலாம்," என்றான். புகார் கொடுக்கவில்லை. வேலைக்கும் திரும்பி வரவில்லை.

தவறாகப் போன அந்த ஃபைலை எங்கள் முதலாளி திரும்ப அனுப்பியாக வேண்டும். அதைச் சரிசெய்ய அவளைத் தவிர ஆள் இல்லை. ஆனால் அவளை மற்றவர்கள் நடுவில் உட்கார வைக்கவும் பயம். லேப்டாப் கொடுத்து, வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார். எங்களுக்கும் அது நிம்மதியாக இருந்தது. அவள் வீட்டில் யார் இருக்கிறார் என்பதை நாங்கள் யாரும் பேசவில்லை.

கிளம்புவதற்கு முன் அவளுக்கு மூல ஃபைலைத் திறந்து காட்டினேன். சூடு, கழுத்து என்று ஒவ்வொரு கேள்வியாகப் போய்க் கடைசிக் கேள்வியில் நின்றாள். அவர் உங்களை அடிக்காதபோது நீங்கள் அவரை அடித்திருக்கிறீர்களா.

"நீ அடிக்கிறியா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் பயம் வந்தது.

"ஆமா."

"ஏன்?"

"எங்க வூட்ல ரெண்டு பக்கம்தான்டி. அடிக்கிற பக்கம், வாங்குற பக்கம். சின்னதுலயே பாத்து எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டேன்."

"அவர் உங்கப்பா இல்லையே."

அவள் யோசித்தாள். "இல்ல. அவன் எங்கம்மா மாதிரி. எதுவுமே சொல்ல மாட்டான். அதப் பாத்தாதான் இன்னும் ஆத்திரம் வருது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். "வாடி. வரப்ப துண்டு ஒண்ணு எட்த்துகினு வா."

போனேன். அவர் கட்டிலில் கிடந்தார். முகத்தின் இடது பாதி ஊதிக் கறுத்திருந்தது. கண் இருந்த இடத்தில் கட்டு. நடந்ததை அவளே சொன்னாள். காலையிலிருந்து ஃபைல் மாறிக்கொண்டிருந்தது. சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தவர், அவள் குளிக்கப் போன நேரத்தில், இயந்திரம் சூடாகிறதே என்று லேப்டாப்பை மூடிவிட்டார். மாற்றம் பாதியில் அறுந்தது. அவள் வந்து பார்த்தாள். கைக்கு முதலில் அகப்பட்டது சார்ஜர். வயரைப் பிடித்துச் சுழற்றி அடித்தாள். அதன் கனத்த கட்டி நேரே கண்ணில் இறங்கியது. அவர் விழுந்த பிறகும் அடித்தாள்.

"எத்தினி தபான்னு தெரியல," என்றாள். "நிறுத்தினப்பதான் பாத்தேன், ரெண்டு பேருக்கும் தட்டுல சோறு போட்டு மூடி வச்சிருந்தான்."

விபத்துகளைப் பதிவு செய்ய ஒரு ஏட்டு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன சார் ஆச்சு?" என்றார்.

"படில வழுக்கிட்டேன் சார்," என்றார் அவள் கணவர்.

ஏட்டு எழுதப் போனார். அவள் அறை வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எழுதாதீங்க சார். நான்தான் அடிச்சேன்."

ஏட்டு சிரித்தார். "அவரே விழுந்தேன்னு சொல்றாரும்மா. நீ ஏன் நடுவுல?"

"நான் வாசல்ல நின்னா அவன் அப்படித்தான் சொல்லுவான். நான் கீழ போறேன். அப்புறம் கேளுங்க." என் பக்கம் திரும்பி, "நீ இங்கயே இரு," என்றாள். செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் போய், படியில் இறங்கியது.

ஏட்டு மறுபடி கேட்டார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஏட்டு என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவர் மிச்சமிருந்த ஒரு கண்ணைக் கதவின் பக்கம் திருப்பினார்.

"போயிட்டாளா?" என்று என்னிடம் கேட்டார்.

"கீழ போயிட்டாங்க."

"அடிச்சா சார்," என்றார். அதைச் சொன்னதும் அவர் உடம்பெல்லாம் ஆடத் தொடங்கியது. கட்டிலின் இரும்பு கடகடத்தது. "கல்யாணம் ஆனதுலேர்ந்து அடிக்கறா."

கேஸ் பதிவானது. ஜாமீனில் வந்தாள். அண்ணன்கள் பஞ்சாயத்து பேச வந்தபோது அவர்களை வீட்டுக்குள் விடவில்லை. அவருக்கு இடது கண்ணில் பார்வை திரும்பாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அவள் அலுவலகத்துக்கு வந்து, மூலையில் தனியாக உட்கார்ந்து அந்த ஃபைலை முடித்தாள். வாங்கும் கணினி அழிக்க முடியாதபடி, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் 'மறுத்தாரா' என்று தனியாக ஒரு கேள்வியைச் சேர்த்து, காலிக் கட்டத்துக்கு அருகே காரணமும் போய்ச் சேரும்படி செய்தாள். சிறுசேரிக்காரர் போனில் கத்தினார். அவள் கத்தவில்லை. "எடுத்துக்கற மாதிரி உங்க ப்ரோக்ராம மாத்துங்க சார். நான் இல்லைன்னு எழுத மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வைத்தாள். கடைசியில் எடுத்துக்கொண்டார்கள். நான் சரிபார்த்தேன். வாயே திறக்காத ஊர்கள் எவை என்று இப்போது தெளிவாகத் தெரிந்தது. மையங்களை அங்கே திறந்தார்களா என்பது எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்று அவர் ஒரு பையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மாடிப்படியில் பாதி ஏறியிருந்தார். அவள் அவருக்கு இரண்டு படி மேலே வந்து நின்றாள். நான் அவள் பின்னால் இருந்தேன்.

"உங்க அக்கா வூட்டுக்குப் போ," என்றாள்.

"வேணாம். வீட்டுக்குப் போலாம். கேஸ வாபஸ் வாங்கிடறேன்."

"வாங்காத. போ."

"நீ மாறிட்ட. எனக்குத் தெரியுது." அவர் இன்னும் ஒரு படி ஏறினார். தடுமாறிக் கைப்பிடியைத் தேடினார். "சாப்பிட்டியா?"

அவள் கை உயர்ந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை அவர் முகத்துக்கு நேராகத்தான் கிளம்பியது. பாதியில் திரும்பிச் சுவரில் இறங்கியது. எலும்பு உடைந்தது எனக்குக் கேட்டது. அவள் நிறுத்தவில்லை, அதே கையால் சுவரை மறுபடியும் மறுபடியும் குத்தினாள். சுண்ணாம்பு சிவந்து கீழே வழிந்தது.

"பாத்தியா? மாறல. இன்னும் அங்கதான் கீது. போயிடு. ஏறாத. போயிடு."

அவர் நின்றார். பிறகு பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு இறங்கினார்.

அவள் படியிலேயே உட்கார்ந்தாள். கையைத் துப்பட்டாவில் சுற்றப் போனேன், தள்ளிவிட்டாள். "ஜன்னலாண்ட போ. எங்க நிக்கறான் பாரு."

சாலையில் எங்கள் பக்கம் உள்ள நிறுத்தத்தில் நின்றால் பல்லாவரம் பஸ், பொழிச்சலூரில் அவர்கள் வீட்டுக்கு. கூடுவாஞ்சேரியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் சாலையைத் தாண்ட வேண்டும். அவர் எங்கள் பக்கத்தில்தான் நின்றார்.

"இங்கதான் நிக்கறார்."

பல்லாவரம் பஸ் வந்தது. நின்றது. ஆட்கள் ஏறினார்கள். பஸ் போன பிறகும் அவர் அங்கேயே நின்றிருந்தார். பிறகு சாலையில் இறங்கினார்.

"தாண்டறார்."

"மீடியனுக்கு வந்துட்டானா?"

"வந்துட்டார்."

"அதுக்கப்புறம் வண்டி லெஃப்ட்லேர்ந்து வரும்டி," என்றாள். "அந்தப் பக்கம் அவனுக்குத் தெரியாது. கத்து. லெஃப்ட்ல பாக்கச் சொல்லிக் கத்து."

கத்தினேன். லாரிகளின் இரைச்சலில் கேட்டிருக்காது. அவர் நடுவில் நின்று, கழுத்தை முழுவதுமாக இடது பக்கம் திருப்பி, தோளுக்கு மேல் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒரு பஸ் போனது. ஒரு தண்ணீர் லாரி போனது. இன்னொரு முறை பார்த்துவிட்டு நடந்தார்.

"தாண்டிட்டார்," என்றேன்.

அவள் உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏறிட்டப்புறம் சொல்லு," என்றாள்.